ஒரு தட்டு என்றால் மெதுவாக

பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். நான் பிரேக் எண்ணெயைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் அம்புலன்ஸ் சாரதிமாருக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். அட்டனுக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஆஸ்பத்திரி அது. முப்பத்தொரு வருஷம் அங்கே வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இப்போதைய வண்டிகளைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. சாரதிக்கு முன்னால் ஒரு சின்னத் திரை வழி காட்டுகிறது. பின்னால் நோயாளியோடு இருப்பவர் பேசினால் முன்னால் காதுக்குள் கேட்கிறது.

நான் பேசி முடித்த பிறகு குழந்தைகள் வாட்டின் இளம் டொக்டர் ஒருவர் எழும்பினார். பிள்ளைகளுக்கு இரத்தத்தில் சீனி குறைந்தால் என்ன நடக்கும், வழியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று விளக்கினார். முதலில் வேர்க்கும், நடுங்கும். பிறகு பேச்சுக் குழறும். அப்புறம் தூக்கம் மாதிரி ஒரு மயக்கம், அதற்குப் பிறகு வலிப்பு. மூளைக்கு அந்தச் சீனிதான் சாப்பாடு, அதனால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்றார். பின் வரிசையில் இருந்த நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் ஒரு சாரதி பக்கத்தில் வந்து, நான் அந்த மாதிரிப் பிள்ளைகளை ஏற்றிப் போயிருக்கிறேனா என்று கேட்டார். கொஞ்சம் பேரை என்றேன். அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் கோப்பையை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அவருக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் செல்லையா. தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவன். ஆஸ்பத்திரி வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஓய்வு பெறப்போகிற ஒரு சாரதி மூன்று கிழமை பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஒட்சிசன் சிலிண்டரைத் திறக்கிற சாவி எங்கே, படுக்கையை எப்படி இழுப்பது, மண் சரிந்து கிடந்தால் வெட்டுகிற மண்வெட்டி எந்தப் பக்கம், இவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் எனக்குப் பழக்கியது சோமலதா மிஸ்ஸி.

தாதியை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். சோமலதா மிஸ்ஸி குழந்தைகள் வாட்டின் மூத்த தாதி. கினிகத்தேனைப் பக்கம் பிறந்து வளர்ந்த சிங்களப் பெண். குள்ளமான ஆள். தமிழ் அரைகுறைதான், ஆனால் கூச்சமில்லாமல் பேசுவார். பிள்ளைகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது கூடப் போவது பெரும்பாலும் அவர்தான். பதினைந்து வருஷம் அவர் பின்னால், நான் முன்னால். நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அதில் சின்னதாக ஒரு கண்ணாடி இருந்தது. மழை நாளில் ஆவி படிந்து அதில் ஒன்றும் தெரியாது. எஞ்சின் சத்தத்தில் பேச்சும் கேட்காது. அதனால் மிஸ்ஸி கத்தரிக்கோல் பிடியால் தடுப்பில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. வேகமாகப் போ என்பதற்குத் தட்டே கிடையாது. அதை ஒரு தடவை கேட்டேன்.

"அது வேணாம் செல்லையா. வேகமா போறதுக்கு உங்களுக்கு ஆரும் சொல்லத் தேவையில்ல" என்றார்.

வண்டி புறப்படும் முன் அவர் செய்கிற வேலைகளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பிள்ளையின் கை நரம்புக்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு அதன் வழியாகத்தான் சேலைன் போகும். பெரியவர்களுக்கு அது பரவாயில்லை. மூன்று வயதுப் பிள்ளையின் நரம்பு நூல் மாதிரி. கொஞ்சம் அசைந்தாலும் குழாய் நரம்பை விட்டு விலகிவிடும். மருந்து சதைக்குள் இறங்கி கை வீங்கும், இரத்தத்துக்குப் போக வேண்டியது போகாது. அதற்காக மிஸ்ஸி சேலைன் பெட்டியின் அட்டையை அளவாக வெட்டி, பஞ்சு சுற்றி, பிள்ளையின் கையை அதில் வைத்துக் கட்டுவார். மேலே பிளாஸ்டரைக் குறுக்காக ஒன்று, நேராக ஒன்று, பெருக்கல் அடையாளம் மாதிரி ஒன்று. கடைசிப் பிளாஸ்டரில் பேனாவால் நேரத்தை எழுதுவார். போத்தலைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணுவார். எல்லாம் முடிந்த பிறகு, மடித்த கம்பளியில் முழங்கால் ஊன்றி உட்கார்ந்து, "ஹரி செல்லையா, ஹெமின்" என்பார். சரி, மெதுவாகப் போவோம் என்று அர்த்தம். அந்த வார்த்தை கேட்காமல் நான் கியரைத் தொட்டதில்லை.

அம்மாமாரை மட்டும் பின்னால் ஏற்ற மாட்டார். முன்னால் என் பக்கத்தில்தான் உட்கார வைப்பார். கல் மனசு என்று முதலில் நினைத்தேன். பிள்ளை முனகினால் அம்மா தூக்கி மடியில் வைக்கப் பார்ப்பாள், குழாய் கழன்றுவிடும் என்று பிறகு விளக்கினார். ஆகவே, பெற்றவளின் அழுகையைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவதும் என் வேலையாகிவிட்டது.

சீனி குறைந்த பிள்ளைகளை ஏற்றுவதில் எனக்கு ஒரு இரகசிய விருப்பம் இருந்தது. தப்பாக நினைக்க வேண்டாம். நெருப்பில் வெந்த பிள்ளை, மூளைக் காய்ச்சல் பிள்ளை, இவர்களை ஏற்றினால் போகும்போது எப்படியோ இறக்கும்போதும் அப்படித்தான் இருப்பார்கள். சீனி குறைந்த பிள்ளை அப்படி இல்லை. கண்ணுக்கு முன்னாலேயே திரும்பி வரும்.

முதலில் அதை நான் பார்த்தது நல்லதண்ணிக்குப் பக்கத்தில். சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் ஏறுகிற காலம். நாங்கள் ஒரு நோயாளியை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தோம். ஒரு மனிதர் ரோட்டுக்கு நடுவில் கையை விரித்து நின்று வண்டியை மறித்தார். கம்பளித் தொப்பி விற்கிற கடைக்காரர். அவருடைய மகள், பதினொரு வயது, கடைக்குப் பின்னால் சாக்கு மேல் கிடந்தாள். சட்டை நனைந்து போயிருந்தது. சின்னதிலிருந்தே சீனி வருத்தம் உள்ள பிள்ளை, தினமும் இன்சுலின் ஊசி போடுகிறவள். அன்று காலை ஊசியைப் போட்டுக்கொண்டு, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களோடு சாப்பிடாமலேயே படியேறியிருக்கிறாள். மிஸ்ஸி விரலில் குத்திப் பார்த்துவிட்டு உடனே நரம்பைத் தேடினார். மருந்தை மெதுவாக ஏற்றினார். நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும். செத்தவள் மாதிரிக் கிடந்த பிள்ளை கண்ணைத் திறந்து, எல்லாரையும் பார்த்துவிட்டு, "என்னோட செருப்பு எங்க?" என்று கேட்டாள்.

தகப்பன் கீழே உட்கார்ந்து அழுதார். மிஸ்ஸி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு வண்டி எடையே இல்லாத மாதிரி இருந்தது.

எல்லாம் அப்படி முடியவில்லை. சீனி வருத்தம் உள்ள தாய்க்குப் பிறந்த கைக்குழந்தை ஒன்றை, பிறந்து ஆறு மணித்தியாலத்தில் ஏற்றிக்கொண்டு போனோம். நல்ல பெரிய குழந்தை. சீனி ஏற்ற ஏற்ற இறங்கிக்கொண்டே இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாரதியின் வேலை வாசலோடு முடிந்துவிடும். கதவு மூடும், கையெழுத்து வாங்குவோம், வண்டியைத் திருப்புவோம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளை அப்படி வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம்தான் தெரியும்.

பவித்ராவின் அம்மா பெயர் விஜயலட்சுமி.

பதினாறு வருஷத்துக்கு முந்திய கதை இது. மழை விடாமல் பெய்கிற மாதம். விஜயலட்சுமி டவுனிலிருந்து ஆறு மைல் தள்ளி ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. லயத்து வீட்டில், வரிசையாகக் கட்டிய தோட்டத்து அறைகளில் ஒன்றில், அவளும் மகளும் மாமனாரும்தான். மகள் பவித்ராவுக்கு மூன்று வயது. அன்று காலை வழக்கம்போல் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற தோட்டத்து மடுவத்தில், விட்டுவிட்டு மலைக்குப் போயிருக்கிறாள். பிள்ளை சோர்ந்து சோர்ந்து படுத்தது. தூக்கம் போதவில்லை என்று அங்கிருந்த ஆயம்மா நினைத்திருக்கிறார். பத்து மணிக்குப் போர்வை நனைகிற மாதிரி வேர்த்து, கை கால் இழுத்துக்கொண்டது. தோட்டத்து வேனில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். விஜயலட்சுமி மலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய ரப்பர் படங்கைக் கழற்றக்கூட இல்லை.

எழுபதுக்கு மேல் இருக்க வேண்டிய சீனி இருபத்தெட்டு இருந்தது. மருந்து ஏற்றினார்கள். பிள்ளை கண்ணைத் திறந்தது, பணிஸ் கேட்டது, தின்றது. நான் வாட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்து, செருப்புக் கேட்ட பிள்ளையை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளை மறுபடியும் மயங்கிவிட்டது. தின்ற பிள்ளைக்கு, மருந்து ஏறின பிள்ளைக்குச் சீனி ஏன் இறங்க வேண்டும் என்று டொக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸி விஜயலட்சுமியிடம் எதையோ கேட்கிறார், அவள் அழுகிறாளே தவிர பதில் வரவில்லை. மிஸ்ஸியின் தமிழ் அந்த நேரத்துக்குப் போதவில்லை.

"நீங்க கேளுங்க செல்லையா. வீட்டுல ஆருக்கு வருத்தம்? என்ன மருந்து குடிக்கிறாங்க?" என்றார்.

நான் விஜயலட்சுமிக்குப் பக்கத்தில் குந்தினேன். "தங்கச்சி, என்னையப் பாருங்க. வீட்டுல யாராச்சும் மாத்திரை குடிக்கிறாங்களா?"

"மாமாவுக்குத்தான் அண்ணே. சீனி."

நான் திரும்பிச் சொல்வதற்கு முன்பே மிஸ்ஸிக்கு விளங்கிவிட்டது. சீனி என்ற சொல் அவருக்குப் போதும். பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு மாமனாரைப் பேச வைத்தோம். கிளினிக்கில் கொடுத்த மாத்திரை உறையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாராம். காலையில் அது தரையில் கிடந்ததாம். எத்தனை குறைகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். எண்ணினார். "நாலு, தம்பி" என்றார். அவருக்கு வெடித்து வந்த அழுகை எனக்கு இப்போதும் கேட்கிறது. வெள்ளை மாத்திரை. பிள்ளை இனிப்பு என்று நினைத்திருக்கும்.

டொக்டர் எங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். அந்த மாத்திரை உடம்பில் இருக்கிறவரை, ஏற்றுகிற சீனியையெல்லாம் இறக்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் ஆகலாம், கூடவும் ஆகலாம். சேலைன் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது. அதை அடக்குகிற ஊசியும் இரவு பகலாகப் பக்கத்தில் நின்று பார்க்கிற வசதியும் நுவரெலியாவில் இருந்தன. உடனே அனுப்ப முடிவு செய்தார்.

மிஸ்ஸி அவசரமாகப் புதிய குழாய் போட்டார். முதல் கையில் போட்டது அதற்குள் கெட்டுப் போயிருந்தது. அட்டை கட்டினார், பிளாஸ்டர் ஒட்டினார். பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டோம். "ஹரி செல்லையா, ஹெமின்."

கொட்டகலை தாண்டும் வரை அவர் சொன்ன மாதிரிதான் போனேன். மழை கொட்டியது. மூடுபனி ரோட்டில் இறங்கி, இருபது அடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. விஜயலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து தடுப்புக் கண்ணாடியைக் கையால் துடைத்துக்கொண்டே வந்தாள். ஆவி அந்தப் பக்கம் படிந்திருந்தது. இந்தப் பக்கம் துடைத்து என்ன தெரியும். கொஞ்ச நேரத்தில் அவள் என் கை மேல் கை வைத்தாள்.

"அண்ணே, சுருக்கா போங்க அண்ணே. நீங்களும் பிள்ள பெத்தவருதானே."

எனக்கும் ஒரு மகள் இருந்தாள். அப்போது ஏழாம் வகுப்பு. நான் காலை அழுத்தினேன். எவ்வளவு வேகம் என்று இன்று கணக்குச் சொல்ல முடியாது. அந்த ரோட்டுக்கு, அந்த மழைக்கு, அது கூடுதல். வளைந்து திரும்புகிற முடக்குகளில் டயர் வழுக்குவது ஸ்டியரிங்கில் தெரிந்தது.

அப்போது ஒரு தட்டு கேட்டது.

தெளிவாகக் கேட்டது. தகரத்தில் கத்தரிக்கோல் பிடி. பதினைந்து வருஷத்தில் அந்தச் சத்தத்துக்கு என் கால் தானாகவே எழும்பும். அன்று எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம், அந்த முடக்கு மட்டும் தாண்டட்டும் என்று நினைத்தேன். முடக்கில் எதிரே ஒரு பஸ் வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி ஒரு தரம் குலுங்கி, மலைப்பக்கத் தண்ணீர்க் கானை ஒட்டி நின்று, மறுபடியும் நகர்ந்தது. பின்னால் எதுவோ விழுந்த சத்தம்.

உடனே இரண்டு தட்டு.

நிறுத்தினேன். பின் கதவைத் திறந்தேன். பிள்ளையின் கை அட்டையோடு வீங்கி இருந்தது, குழாய் வெளியே வந்து தொங்கியது. மிஸ்ஸி என்னைத் திட்டவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "உள்ளுக்கு வாங்க, கதவைச் சாத்துங்க" என்றார்.

வழியில் வண்டிக்குள் நடப்பதை அதுவரை நான் முன்னால் இருந்து கேட்டது மட்டும்தான். அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். விரலில் குத்தினார், இருபத்தாறு. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து, ஒரு கரண்டி சீனியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, விரல் நுனியால் நாக்குக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினார். நரம்பு கிடைக்கும் வரைக்கும் இதுதான் என்றார். பிறகு மற்றக் கையில் தேடினார். குத்தினார், வரவில்லை. இன்னொரு இடத்தில், அங்கும் வரவில்லை. குளிரில் நரம்பெல்லாம் ஒளிந்துகொண்டுவிட்டது.

"காலைப் பிடிங்க. ரெண்டு கைக்கும் நடுவுல வச்சு சூடாக்குங்க."

பிள்ளையின் பாதம் என் உள்ளங்கைக்குள் அடங்கியது. ஐஸ் மாதிரி இருந்தது. தேய்த்தேன், வாயால் ஊதினேன். வெளியே விஜயலட்சுமி மழையில் நின்று கதவை ஒட்டிக் காதை வைத்திருந்தாள். அழவில்லை. அவள் மூச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் கடவுளைக் கூப்பிடவில்லை. என் காலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், தட்டுக் கேட்டும் எழும்பாத காலை.

"போதும். அசையாம பிடிங்க" என்றார் மிஸ்ஸி. பாதத்தின் மேல் பக்கம், பெருவிரலுக்குக் கொஞ்சம் மேலே, நீலமாக ஒரு கோடு. ஒரே குத்து. குழாய்க்குள் சிவப்பாக ஒரு துளி வந்தது. மருந்தை ஏற்றினார், மெதுவாக, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே. எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. என் உள்ளங்கையில் பிள்ளையின் விரல்கள் அசைந்தன.

பத்து நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தார். அறுபத்தொன்று. காலை அட்டையில் வைத்துக் கட்டினார். "ஹரி" என்றார். அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வரவில்லை.

மிச்ச வழியை எப்படி ஓட்டினேன் என்று விஜயலட்சுமிக்குத்தான் தெரியும். மாட்டு வண்டி மாதிரிப் போனேன். நானுஓயாவில் எங்களுக்குப் பின்னால் ஹோன் அடித்தவர்கள் எத்தனையோ பேர். அவள் இந்தத் தடவை அவசரப்படுத்தவில்லை. பிள்ளையைக் கொடுத்தோம். பிள்ளையோடு கொடுக்கிற கடதாசித் துண்டில் மிஸ்ஸி எழுதும்போது தோளுக்கு மேலால் பார்த்தேன். வழியில் குழாய் கழன்றது, காலில் திரும்பப் போடப்பட்டது, இத்தனை மணிக்கு. ஏன் கழன்றது என்று எழுதவில்லை.

திரும்பி வரும்போது மிஸ்ஸி எப்போதும் முன்னால்தான் வருவார். தலவாக்கலையில் நிறுத்தி இஞ்சித் தேத்தண்ணி குடிப்போம். தன் மகனைப் பற்றி, என் மகளைப் பற்றிப் பேசுவோம். அன்று அவர் பின்னாலேயே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். தலவாக்கலையில் மெதுவாக்கினேன். தட்டு வரவில்லை. போய்க்கொண்டே இருந்தேன். என் மேல் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். கோபப்பட அவருக்கு நியாயம் இருந்தது.

அடுத்த மாதம் மிஸ்ஸிக்கு அவருடைய ஊர்ப் பக்கம் இடமாற்றம் வந்தது. முன்பே கேட்டிருந்ததாம். பிரியாவிடை அன்று நான் லீவு போட்டேன்.

பவித்ரா பிழைத்தாள். பெரிய ஆஸ்பத்திரிச் சாரதி ஒருவர் மூலம் அதை மூன்றாம் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு மூன்று மாதம் கழித்து பஸ் நிலையத்தில் விஜயலட்சுமி என்னைக் கண்டு ஓடி வந்தாள். இடுப்பில் பிள்ளை, வாயில் இனிப்பு. "இந்த மாமாதான் ஒன்னயக் காப்பாத்துனது" என்று பிள்ளைக்குக் காட்டினாள். அதற்குப் பிறகு எங்கே கண்டாலும், யாரோடு நின்றாலும், அவளுக்கு ஒரே பேச்சு. "செல்லையா அண்ணன் பறந்து போனாரு. அந்த வேகத்துலதான் எம்புள்ள பொழைச்சிச்சு."

எத்தனை தடவை சொல்லப் பார்த்தேன். அந்த வேகத்தால்தான் பிள்ளை போகப் பார்த்தது என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. பவித்ரா இப்போது டவுனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். படபடவென்று பேசுகிற பிள்ளை. போன தீபாவளிக்கு எனக்கு உடுத்தச் சாரம் எடுத்துக் காட்டினாள், இந்த நிறம் உங்களுக்குப் பொருந்தாது மாமா என்று கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டாள்.

பயிற்சி நாளன்று நான் ஆஸ்பத்திரி வாசல் படலையைத் தாண்டும்போது பின்னால் ஒரு மிஸ்ஸி ஓடி வந்தார். சோமலதா மிஸ்ஸியிடம் வேலை பழகியவராம். "மேடம் உங்களப் பத்திக் கேப்பாங்க" என்று ஒரு துண்டில் நம்பரை எழுதித் தந்தார். மிஸ்ஸி ஓய்வு பெற்று பொல்பிட்டியவில் மகனோடு இருக்கிறார் என்றார். பொல்பிட்டிய எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியால பஸ். இத்தனை வருஷமாக அவருடைய ஊர் ஏதோ எட்டாத தூரம் மாதிரி எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது நாள் அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பத்தாம் நாள் காலையில் மனைவி கடைக்குப் போன நேரம் அந்த நம்பருக்குப் போன் எடுத்தேன்.

"மிஸ்ஸி, அம்புலன்ஸ் செல்லையா."

"கொஹொமத செல்லையா" என்றார், நேற்றுத்தான் வேலை முடிந்து போனவர் மாதிரி. எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது, மற்றபடி அதே குரல். அதைக் கேட்டதும் நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. சிங்களத்தில்தான் பேசினோம். நலம் விசாரிக்காமல் நேராகச் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நீங்க ஒரு தட்டு தட்டுனது எனக்குக் கேட்டுச்சு மிஸ்ஸி. கேட்டும் நான் குறைக்கல."

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை.

"நான் ஏன் தட்டுனேன்னு நெனச்சீங்க?"

"வேகமா போறேன்னு."

"இல்ல செல்லையா. பிள்ளைட கை வீங்கியிருந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் தட்டுனேன். கொஞ்சம் மெதுவாப் போனா ஓடுற வண்டியிலயே சரிபண்ணப் பார்க்கலாம்னு. குழாய் அதுக்கு முந்தியே வெலகிடுச்சு."

பிள்ளையின் தோல் வேர்வையில் நனைந்திருந்ததாம். துடைத்து, காயவிட்டு, அதற்குப் பிறகுதான் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். எத்தனையோ மிஸ்ஸிமாருக்கு அவர் பழக்கிக் கொடுத்த முதல் பாடமே அதுதானாம். அன்று அவசரத்தில் துடைக்காமல் ஒட்டிவிட்டாராம், அதனால்தான் பிளாஸ்டர் பிடிக்காமல் குழாய் நழுவியதாம். திரும்பி வரும்போது என் பக்கத்தில் உட்கார வெட்கமாக இருந்தது, அதனால்தான் பின்னால் ஏறினாராம். இடமாற்றம் கிடைத்தபோது தப்பித்துப் போகிற மாதிரி இருந்ததாம்.

அதனால் நான் வேகமாகப் போனது சரியாகிவிடாது. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், அதை அவர் இல்லை என்று சொல்லவும் இல்லை.

கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பிள்ளை" என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவருக்குத் தெரியாது. வாட்டில் இருந்தவர், போனை எடுத்தால் கேட்டுவிடலாம், கேட்டிருப்பார் என்றே நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

"நல்லா இருக்கு மிஸ்ஸி. மூணாம் நாளே எழும்பி உட்கார்ந்துடுச்சாம். இப்ப எங்க டவுனுல புடவைக் கடையில நிக்குது. அந்த வாய்க்கு நான் பதில் சொல்லி முடியாது. எனக்கு எந்த நிறச் சாரம் பொருந்தும்னு அதுதான் தீர்மானம் பண்ணுது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒரு தரம் வந்தது.

"நடக்குதா? பேச்செல்லாம் தெளிவா இருக்கா?"

"ஓடுது மிஸ்ஸி."

அவர் என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். கடை எந்தப் பக்கம், பிள்ளை என்ன உயரம், அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாமனார் செத்துப் போனதைச் சொன்னேன். பிள்ளை பள்ளிக்கூடம் போனதைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்றேன். அதற்கு அவர், நல்லது, நல்லது என்றார்.

அப்புறம் கேட்டார். "ஒரு மணித்தியாலம்தானே செல்லையா. ஏன் ஒரு நாளும் வரல்ல?"

"பயமா இருந்துச்சு மிஸ்ஸி."

"எனக்கும்தான்" என்றார்.

அதற்குப் பிறகும் போனை இருவரும் வைக்கவில்லை.